தாயாரைக் களையாத கணக்கு

மணவாள நகர்,
ஞாயிற்றுக்கிழமை

செல்லப் பெண் ஸ்ரீவாணிக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் அனுக்ரஹத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், டப்ளினில் உன் சௌக்கியம் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுவதில் இருக்கிறது, போனில் முகம் வற்றித் தெரிகிறது. என் எட்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. கடைசியில்தான் சொல்வேன், பத்தி தாண்டி ஓடாதே.

கும்மிடிப்பூண்டி பெயிண்ட் கம்பெனியில் டப்பாவுக்கு மூடி போட்டுப் போட்டு என் தோள்பட்டை இற்றுப்போனது உனக்குத் தெரியும். எட்டாவது பாஸ் என்றால் லேபில் உதவிக்கு உட்காரலாம் என்று மேனேஜர் சொன்னதால்தானே இந்த வயதில் தனித்தேர்வு எழுதத் துணிந்தேன். மற்ற பாடமெல்லாம் மிரட்டவில்லை, எழுத்தை வைத்துப் போடும் கணக்குதான், கூட வேலை செய்யும் கன்னியம்மா பாஷையில் சொன்னால், பேஜாரு. P = 2l + 2b என்று கொடுத்து l-ஐத் தனியாக்கச் சொல்லி நீ வீடியோ காலில் பரீட்சை வைத்தாயே, எல்லாக் கணக்கையும் ஒரு படி மீதி இருக்கும்போதே நான் நிறுத்திவிட, ஏம்மா இப்படி என்று தலையில் அடித்துக்கொண்டாய். காரணம் சொல்ல அன்று வெட்கமாக இருந்தது. எல்லாம் உன் அப்பாவால் வந்த வினை.

கோயிலில் தான் செய்யும் சாத்துப்படி அலங்காரத்தை வைத்து அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பெருமாளுக்கு வஸ்திரம், அப்புறம் திருவாபரணம், கடைசியில் மாலை, களையும்போது மாலைதானே முதலில் வரும், அதே மாதிரி கடைசியில் கூட்டின 2b-யை முதலில் எடு என்றார். பளிச்சென்று புரிந்தது. ஆனால் பெருமாள் திருமார்பில் இருக்கும் மகாலட்சுமித் தாயாரை மட்டும் அவர் திருமஞ்சனத்துக்குக்கூடக் களைவதில்லை. அந்தப் பழக்கத்தில் l-ஐ ஒட்டியிருந்த 2-ஐயும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். 2l = P − 2b என்று எழுதி, கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக இரண்டு பேரும் நிறுத்திவிடுவோம்.

தேர்வன்று வண்டியில் கொண்டுவிட்டவர், பள்ளிக்கூட வாசலில் தயங்கித் தயங்கி, நீ அங்க மட்டும் அந்த ரெண்டை எடுத்துடு, தாயார் கோச்சுக்க மாட்டா என்றார். உள்ளே அதே மாதிரிக் கணக்கு. 2l வரை வந்ததும் கை நின்றுவிட்டது. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் 2-ஆல் வகுத்தேன். எடுத்த 2 தொலைந்து போகவில்லை, அந்தப் பக்கம் எல்லாரையும் தாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தது. இந்தப் பக்கம் l ஒண்டியாக நின்றது. அதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன், கணக்கு வராமல் அழுகிறேன் என்று மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் தண்ணீர் கொடுத்தார்.

பாஸ் பண்ணிவிட்டேன்டி! இன்னாக்கா, ஃபேன் காத்துல குந்திக்கினு எங்கள மறந்துடாத என்று சொல்லி கன்னியம்மா கம்பெனி பஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தாள். நாளை முதல் லேபில் வேலை. அப்பா வேண்டிக்கொண்டபடி கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தார்.

பார்சலில் ஆவக்காய் இருக்கிறது, எண்ணெய் மேலே நிற்கும்படி வை, ஈரக் கரண்டி போடாதே. வெளியே போனால் காதை மூடிக்கொள். நீ அங்கே ஒண்டியாக நிற்கிறாய் என்று இனி அழ மாட்டேன், சமக்குறிக்கு இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் சேர்ந்தால்தான் நீ. தீர்க்காயுசாக, சந்தோஷமாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஸத்யபாமா, எட்டாம் வகுப்பு தேர்ச்சி