உச்சித் தொட்டில்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

காப்பீட்டுக் கம்பெனிக்காகப் படம் எடுக்க வந்து ஆறு நாளாயிற்று. கடலுக்குள் நீளும் பொழுதுபோக்குத் தளத்தை அலை அடித்ததில் பாதிப் பலகைகள் இல்லை. மிச்சத்தில் நடந்தால் காலடியில் கடல் தெரிகிறது. அத்தான் ஓட்டிய ராட்டினம் சாய்ந்தபடி நிற்கிறது. உச்சித் தொட்டிலில் இருந்த நாலு பேரும் கடலில் விழுந்துவிட்டார்களாம். "கடைசிவரைக்கும் அவங்களை இறக்கத்தான் பார்த்திருப்பாரு" என்று அத்தானைப் பற்றிச் சொல்கிறார் அங்கே டிக்கெட் கொடுத்த அம்மா. காற்றடித்தால் அந்தத் தொட்டில் முனகுகிறது.

வேலை முடிந்ததும் இடிபாட்டுக்குள் அத்தானைத் தேடுகிறேன். இந்தக் கடிதத்தோடு ராட்டினத்தின் படம் ஒன்று வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறேன். தேடியது போதும். ஆணியும் தகரமுமாகக் கிடக்கும் இடத்தில் கையைக் கிழித்துக்கொள்ளாதே. இனிமேல் படமும் அனுப்பாதே.

அக்கா

மார்ச் 13

அக்கா,

கட்டிய புருஷனைத் தேட வேண்டாம் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நேற்று மணலுக்குள் ஒரு செருப்பைப் பார்த்து அரை மணி நேரம் தோண்டினேன். அவருடையது இல்லை. நீ சொன்னாலும் நிறுத்தமாட்டேன்.

தம்பி

மார்ச் 17

தம்பி,

இதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. உன் அத்தான் அலை அடித்த அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். "கடல் எழும்புறதைப் பார்த்தேன். விசையை விட்டுட்டு ஓடிட்டேன்" என்றார். அதன்பிறகு பேச்சே இல்லை. யார் கதவைத் தட்டினாலும் கட்டிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அழுதேன். அது பொய் அழுகை இல்லையடா.

நீ அனுப்பிய படத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு தொட்டில்களை எண்ணுவார். உச்சி வந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

இன்று விடிந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. அங்கேதான் வருவார். உன் கேமரா முன்னால் வந்து நின்றால் படம் எடுக்காதே. பக்கத்தில் போய் நில்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

அத்தான் வந்தார். ராட்டினத்தின் கீழே நெடுநேரம் நின்றார். கேமராவைப் பையில் போட்டுவிட்டு நானும் நின்றேன். பிறகு, காணாமல் போனவர்களின் பட்டியல் இருக்கும் அலுவலகத்துக்கு அவரே கூட்டிப்போனார். ஒரு பெயரில் விரலை வைத்து, "இதை அடிச்சிடுங்க" என்றார்.

"அவருக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார் எழுத்தர்.

"நான்தான் அது. ராட்டினம் ஓட்டினவன். அந்த நாலு பேர் வீட்டு ஆளுங்க யாராவது இருந்தா கூப்பிடுங்க. நான் சொல்ல வேண்டியது இருக்கு."

எங்களுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள்.

தம்பி