காய்ச்சல் இல்லாத பன்னிரண்டு பேர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் நீ சொல்லவா போகிறாய். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நான் கத்தினால்தான் மருந்து தடவுகிறார்.

விஷயம் உன் தங்கையைப் பற்றி. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. எங்கள் பள்ளிக்கூட வாசலில் லாரி மோதி ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கால் போனதைச் சொன்னேன் இல்லையா, அங்கே சிக்னல் வைக்கச் சொல்லி மேல் வகுப்புப் பிள்ளைகள் ஐம்பது பேர் போன புதன்கிழமை வகுப்புக்குப் போகாமல் நகராட்சி அலுவலக வாசலில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டார்கள். இவளும்தான். அன்று பதிவேட்டில் காரணமில்லாமல் வராதவர்கள் எல்லாரும் பத்து நாள் பள்ளிக்கு வரக்கூடாது என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டுவிட்டார். அதற்குள்தான் செய்முறைத் தேர்வு வருகிறது, விட்டால் ஒரு வருஷம் போச்சு. வருகைப் பதிவேடு பள்ளி அலுவலகத்தில் என் மேசையில்தானே இருக்கிறது, சில பெற்றோர் டாக்டர் சீட்டு கொண்டுவந்ததைப் பார்த்ததும் எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது. இருபது வருஷமாக யார் பிள்ளைக்கும் செய்யாததை என் பிள்ளைக்குச் செய்தேன். அவள் பெயருக்கு நேரே காய்ச்சல், மருத்துவ விடுப்பு என்று எழுதினேன்.

மறுநாள் பள்ளிக்கு வரக்கூடாதவர்களின் பட்டியலை ஒட்டினார்கள், அதில் அவள் பெயர் இல்லை. பத்து நிமிஷத்தில் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே தலைமையாசிரியை முன்னால் போய் நின்றாள். "என் பேர்ல தப்பா எழுதியிருக்கு மேடம். எனக்குக் காய்ச்சல் இல்ல, நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். மத்தவங்களுக்கு என்னவோ அதையே எனக்கும் போடுங்க" என்றாள். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவள்டா இவள்! யார் எழுதியது என்று தலைமையாசிரியை கேட்க, நான் எழுந்து நின்றேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது, ஆனாலும் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. இவளையா நான் பெற்றேன் என்று மலைத்துப்போய் நின்றேன்.

அதோடு போகவில்லை. மத்தியானம் என் ஜன்னல் முன்னால் வரிசை. டாக்டர் சீட்டு கொடுத்திருந்த பதினோரு பிள்ளைகளும் வந்து, எங்களுக்கும் காய்ச்சல் இல்லை, அந்த விடுப்பை அடித்துவிடுங்கள் என்றார்கள். தலைமையாசிரியை வெளியே வந்து அந்த வரிசையைக் கடைசிவரை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் பன்னிரண்டு பேருக்கும் சிவப்பு மையில் வரவில்லை என்று எழுதினேன். பிறகு ஒரு தாளில் என் தப்பை ஒப்புக்கொண்டு, வராத நாளை வரவில்லை என்று எழுதுவது நியாயம், அதற்காகப் பரீட்சையைப் பறிப்பது அநியாயம் என்றும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அப்பா கேட்டுவிட்டு, வேலை போனால் போகட்டும், நீயும் அவளை மாதிரி உள்ளதை எழுதிக் கொடுத்தாயே, அது போதும் என்றார். திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது, பிள்ளைகளின் பரீட்சைக்கும் என் வேலைக்கும் அன்றுதான் பதில்.

கடவுள் உனக்கு நல்ல ஆயுளும் நிம்மதியும் தரட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. தங்கைக்கு மறக்காமல் ஃபோன் செய், ஆனால் புத்தி சொல்லாதே. அவளுக்கு வந்த நோட்டீஸை நான்தான் டைப் அடித்தேன், பெற்றோர் கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அம்மா