இடப்பக்கம் உயர்ந்து நிற்கும் கார்

என் பிரியமான மச்சான் நௌபர்,

உனக்கு என் சலாம். மையவாடியில் அடங்கியிருக்கும் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லும் சலாம் அல்ல இது. ஜும்ஆ முடிந்து, உடுப்பை மாற்றிக்கொண்டு, காரை நெஞ்சோடு அணைத்தபடி நெல் ஆலை வாசலில் நிற்பாயே, அப்போது உனக்கு மட்டும் சொல்வேனே, அந்தச் சலாம்.

இரண்டு செய்திகள் இருக்கின்றன. யுத்தம் முடிந்துவிட்டது. உன் கார் மறுபடியும் ஓடியது. எதை முதலில் சொல்வது என்று யோசித்தேன். நீயாக இருந்தால் காரைப் பற்றித்தான் முதலில் கேட்டிருப்பாய்.

எனக்குப் பலரில் கோபம் இருப்பது ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்துக்கு என்னைவிடப் பிந்தி வந்தவனை அதிபராக்கியவர்களில் கோபம். உன் மனைவிக்கு, என் தங்கச்சி ரிபாயாவுக்கு, கதவு சாத்த முடியாத ஒரு நிவாரண வீட்டைக் கொடுத்துவிட்டு அவளை வாசலில் நிறுத்திப் படம் பிடித்தவர்களில் கோபம். அந்த வரிசையில் நீயும் நிற்கிறாய் மச்சான். கடல் வருவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஆலைக் களத்தில், என் காரை ஒரு முழுச் சுற்று முந்தினாய். அதற்கு முன்பு எப்போதும் நான்தான் முந்துவேன். என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"கணக்கு மாஸ்டர் நீதானே மச்சான், கண்டுபிடி பாப்பம்."

"செல்லுடா."

"அடுத்த வெள்ளிக்கிழம செல்லுறன். அதுமட்டும் மண்டையப் போட்டு உடை."

ஞாயிற்றுக்கிழமை கடல் வந்து உன்னைக் கொண்டுபோனது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் கேள்வியோடு யாரிடம் போவது?

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. ரோட்டில் ஓடும் காரை முழங்கை நீளத்துக்குச் சுருக்கியது போன்றது எங்கள் கார். ரிமோட்டால் ஓடும், ஆனால் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் அல்ல. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே ஸ்பிரிங், அதிர்வு தாங்க எண்ணெய் நிரப்பிய ஷொக், சக்கரம் எவ்வளவு சாய வேண்டும், முன்சக்கரம் எவ்வளவு உள்ளே பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகாணி. ஓர் ஆணியைக் கால் சுற்றுத் திருப்பினால் கார் வேறு காராகிவிடும். சமாதானம் வந்த காலத்தில் நௌபர் ஊரில் மருந்துக்கடை போட வந்தபோது கட்டாரிலிருந்து இரண்டு கார் கொண்டுவந்தான், ஒன்று எனக்கு. வெள்ளிக்கிழமைகளில் ஆலை மூடியிருக்கும். நெல் காயப்போடும் சீமெந்துக் களம் எங்களுக்கு.

கடலுக்குத் தள்ளி, சவளக்கடை ரோட்டில் இருந்ததால் ஆலைக்குள் கடல் வரவில்லை. அங்கே நீ வைத்துவிட்டுப் போன கார் நீ வைத்தபடியே இருந்தது. ரிபாயா அதை நீ உடுக்கும் சாரனில் சுற்றி எடுத்துப் போனாள். பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. அன்டெனா நீட்டிய ரிமோட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எந்த இராணுவச் சென்றியைக் கடப்பது? இது என்னத்தை வெடிக்க வைக்க என்று கேட்டால், பந்தயக் கார் என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்? அவளுடைய அலுமாரியின் அடித்தட்டில் எல்லாம் கிடந்தது. நான் போகும்போதெல்லாம் அந்தத் தட்டைப் பார்ப்பேன்.

இந்த வருடம் சென்றிகள் குறைந்ததும் அவளிடம் காரைக் கேட்டேன்.

"ஓட்டுறதெண்டா தாறன் காக்கா. கழட்டுறதெண்டா தரமாட்டன்."

"கழட்டாம எப்பிடிகா பாக்கிற?"

"அவரு கடைசியா முறுக்கின ஆணியெல்லாம் அப்பிடியே இரிக்கி. ஒருக்கா அப்பிடியே ஓடட்டும். நீங்க தொட்டா ஒண்டும் மிஞ்சாது. வாப்பாட ரேடியோவுக்கு நடந்தது எனக்கு மறக்கல்ல."

தூசு தட்டலாம், டயரும் பற்றரியும் மாற்றலாம், ஆணி எதையும் திருகக் கூடாது. இதுதான் தன் அண்ணனுக்கு அவள் போட்ட நிபந்தனை. நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நீ செய்ததை நான் அழித்துவிடவும் கூடாது. ஒரு கணக்கைத் தொடாமல் செய்து பார் என்பது போலத்தான்.

டயர்கள் கல்லாகியிருந்தன. ஒரே பக்கமாய் நின்றதால் அடியில் தட்டையாகவும் போயிருந்தன. பெயரிங்குகளைப் பெற்றோலில் கழுவியபோது உமித்தூள் வந்தது. பெல்ட் பிழைத்திருந்தது. பாண்டிருப்பு ரமேஷ் கொழும்பிலிருந்து டயரும் பற்றரியும் எடுப்பித்துத் தந்தான். அவனை உனக்கு நினைவிருக்கும், அரசாங்கக் கச்சேரியில் வேலை, என் காரை ஓட்டித் தோற்றால் பற்றரியைக் குறை சொல்வான். உன் தாடியைக் கேலிசெய்து உன்னிடமே தேநீர் வாங்கிக் குடித்தவன்.

என் வீட்டு அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் கிடத்தி, நீர்மட்டம் வைத்துச் சரிபார்த்து, காரை அதன்மேல் நிறுத்தினேன். கார் சரிந்து நின்றது! இடப்பக்கம் இரண்டு தீக்குச்சித் தடிப்பு உயரம். விரலால் அழுத்தினேன், இடப்பக்கம் மெதுவாக எழும்பியது, வலப்பக்கம் துள்ளியது. குப்புறப் பிடித்துப் பார்த்தால் வலப்பக்க உள்விளிம்பில், வலைக்குக் கட்டும் ஈயமணிகளைத் தட்டித் தட்டையாக்கி ஒட்டியிருந்தாய். இது என்ன பைத்தியம் என்று நினைத்தேன். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதானே பாடம்? ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வலப்பக்கம் இழுத்தது. இந்த நொண்டிக் காரா என்னை ஒரு சுற்று முந்தியது?

போன வெள்ளிக்கிழமை களத்துக்குப் போனோம். ரிபாயாவும் வந்தாள். ஆலைப் படியில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என் காரில் ரமேஷ், உன் காரில் நான்.

"மாஸ்டர், கார் நொண்டுது போல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமா?"

"உன்ர வாய்க்கு முதல் ஒரு பெயரிங் போடு."

தூசு எழும்பாமலிருக்க அவன் ஒரு வாளித் தண்ணீரைக் களத்தின் நடுவில் ஊற்றினான். தண்ணீர் அங்கே நிற்கவில்லை. நாலு பக்கமும் ஓடியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

களத்தின் நடு உயரம், மச்சான். மழை வந்தால் நெல்லை ஏன் நடுவில் குவித்துப் படங்கு போட்டு மூடுகிறார்கள்? நெல் காயப்போடும் ஊரில் பிறந்த எவனுக்கும் தெரிந்த விசயம். எனக்கும் தெரியும். ஆனால் காரைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது என் கண்ணில் அந்தத் தட்டைக் கண்ணாடி மட்டும்தான் பட்டது. நாம் எப்போதும் கடிகார முள் சுற்றும் பக்கம்தான் ஓடினோம். முதல் நாள் வாசலில் ஒரு லொறி நின்றது, அதற்காக அப்படித் திரும்பினோம். லொறி போன பிறகும் அதே பழக்கம். அப்படியானால் மேடு எப்போதும் வலப்பக்கம், பள்ளம் எப்போதும் இடப்பக்கம். நீ காரைத் தரைக்கு ஏற்றபடி சாய்த்திருக்கிறாய். நான் தோற்றது உன்னிடம் அல்ல, சீமெந்திடம். அதைப் பதிவு செய்துகொள்.

ஓடியது பார், வெட்கப்படும் அளவுக்கு. வளைவுகளில் ரமேஷ் சறுக்கிக்கொண்டிருக்க, உன் கார் கயிறு கட்டி இழுத்தது போலத் திரும்பியது. ரிபாயா எழுந்து நின்றுவிட்டாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஊகம் வேறு, நிரூபணம் வேறு. நான் நினைப்பது சரியென்றால், எதிர்ப்பக்கமாக ஓடினால் கார் கெட்டுப்போக வேண்டும். திருப்பி ஓட்டினேன்.

"வேணாம் மாஸ்டர்!" என்றான் ரமேஷ்.

இரண்டாவது வளைவில் கார் உருண்டது. மூன்று குட்டிக்கரணம் போட்டு மதிலில் மோதியது. முன் இடப்பக்கச் சக்கரத்தைத் தாங்கும் கை முறிந்து ஷொக் தொங்கியது. என் ஊகம் சரி. உன் கை வைத்த அளவு போய்விட்டது.

ரிபாயா இறங்கி வந்து காரைத் தூக்கினாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"ஏன் காக்கா திருப்பி ஓட்டின?"

சொன்னேன். களம், தண்ணீர், மேடு, லொறி, எல்லாம். முறிந்த கையை விரலால் ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்குத்தானா அவரு மருந்துக்கடைய நேரத்தோட பூட்டிப்போட்டு இதுக்குள்ள தலைய வெச்சிட்டு இருந்த? கேட்டா, உனக்கு விளங்காது எண்டு செல்லுவாரு. விளங்குதே!" என்றாள். பிறகு காரை என் கையில் தந்தாள். "பின்னுக்கு இடப்பக்கம் முறியல்ல. அதப் பாத்துப் பாத்து இதச் செய்யுங்க. ஆனா என்ட ஊட்ட வந்து செய்யுங்க. எனக்கும் ஒவ்வொரு ஆணியும் என்னத்துக்கு எண்டு தெரியோணும்."

அவளுக்கும் நீ பதில் சொல்லாமல்தான் போயிருக்கிறாய்.

என்ன செய்தாய் என்று இப்போது தெரியும். எப்படிக் கண்டாய் என்பதுதான் தெரியவில்லை. மழையில் நனைந்துகொண்டு களத்தைப் பார்த்தாயா? அல்லது ஒவ்வொரு ஆணியாய்த் திருகித் திருகித் தற்செயலாக வந்து சேர்ந்தாயா? தற்செயல் என்றால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நீ அப்படிப்பட்டவன் அல்ல என்பதும் தெரியும்.

ஒரு வாக்குத் தருகிறேன். ரிபாயாவோடு உட்கார்ந்து இடப்பக்கத்தை மறுபடி உயர்த்துவேன். உன் அளவு வரும்வரை விடமாட்டேன். வந்ததும், அந்த அளவில் உன் காரை ரிபாயா ஓட்டுவாள், என் காரில் நான் உன்னைத் தோற்கடிப்பேன். எத்தனை சுற்றுத் திருக வேண்டும் என்பதை இங்கே எழுதவில்லை. ரமேஷ் இதை வாசிப்பான்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் ரிபாயாவின் காக்கா,
உன் மச்சான்.