பாலத்துக்காகக் கிடைத்த பதக்கம்

ஆகஸ்ட் 11, 1969, திங்கள்

மழை விடவில்லை. சாப்பாடு இன்றும் மரவள்ளி மாவுதான், உப்பில்லாமல்.

நைஜீரியாவிலிருந்து பிரிந்த எங்கள் பயாஃப்ராவின் ராணுவம் எனக்கு வீரப் பதக்கம் குத்தியதிலிருந்து தலைமையகத்துக்கு வேலை சுலபமாகிவிட்டது. முடியாத காரியம் எது வந்தாலும், "கேப்டன் ஒபியோராவக் கூப்பிடு." இப்போது ஆற்றுப் பாலம். நைஜீரியர்கள் கவச வண்டியோடு வருகிறார்கள். என் கம்பெனியில் ஆளுக்கு ஐந்து தோட்டா. எதை வைத்துக் காப்பது? பதக்கத்தை வைத்தா?

ஆகஸ்ட் 13

மாமியார் நடந்தே வந்துவிட்டார், மகன் அனேதோவைக் கையோடு இழுத்துக்கொண்டு. அவருக்கு ஒரே மகன், என் மனைவி ஒயிரிதியாவுக்கு ஒரே தம்பி. எப்படியும் ராணுவத்துக்கு ஆள்பிடிப்பவர்கள் தூக்கிப் போய்விடுவார்கள், அதற்கு மருமகனிடமே இருக்கட்டும் என்கிறார்.

"உங்க பக்கத்துல நின்னா குண்டு வராதுன்னு ஊரே சொல்லுது, மாப்பிள்ளே."

"அத்தே, என் பக்கத்துல நின்னவங்கள்ல பாதிப் பேரு மண்ணுக்குள்ள இருக்காங்க."

"மீதிப் பாதி இருக்காங்கல்ல?"

அவனைச் சமையலில் போட்டேன். சார்ஜண்ட் எகேசி சிரித்தான். "சமைக்க என்ன சார் இருக்கு?"

ஆகஸ்ட் 16

ஆட்கள் மந்திர மருந்துக்காரர் ஒருவரை அழைத்து வந்திருக்கிறார்கள். மார்பில் பிளேடால் கீறிக் கறுப்புப் பொடியைத் தேய்க்கிறார். ஒடெஷி என்று பெயர். தோட்டா தோலில் பட்டு வழுக்கிவிடுமாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: எதிரியைப் பார்த்த பிறகு பின்னால் ஓரடி வைக்கக் கூடாது. வைத்தால் மருந்து போய்விடும்.

நான் மிஷன் பள்ளியில் படித்தவன். விரட்டியிருக்க வேண்டும். "விடுங்க சார்," என்றான் எகேசி. "தோட்டாதான் குடுக்க முடியல, தைரியமாவது குடுப்போம்."

விட்டுவிட்டேன். அனேதோவும் வரிசையில் நின்று போட்டுக்கொண்டு, கீறலைக் காட்ட ஓடி வந்தான். "அத்தான், நீங்களும் போட்டுக்கங்க."

"போடா, போய் விறகு பொறுக்கு."

ஆகஸ்ட் 19

காலையிலிருந்து பீரங்கி. எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 21

இதை எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

நேற்று தோட்டா தீரப்போகிறது என்று தெரிந்ததும் பின்வாங்கச் சொன்னேன். விசில் ஊதினேன், கத்தினேன். பெரும்பாலானவர்கள் வந்துவிட்டார்கள். மருந்து போட்ட சிலர் மட்டும் பாலத்தடியில் நகராமல் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டாப் பெட்டி தூக்கிப்போன அனேதோவும் அங்கேதான் — செத்தவனுடைய மெஷின்கன்னைப் பிடித்துக்கொண்டு.

"டேய், வாடா! தவழ்ந்தாவது வாடா!"

"முடியாது அத்தான். பின்னாடி வந்தா மருந்து போயிரும், செத்துருவேன்."

சாகக் கூடாது என்றுதானே நின்றான், பாவிப்பயல். நான் போய் இழுத்து வந்திருக்கலாம். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தோம் — அது நிஜம். எனக்குப் பயமாக இருந்தது. அதுவும் நிஜம்தான்.

எதிரே ஒரு பெரும் படையே இருப்பதாக நைஜீரியர்கள் நினைத்திருக்க வேண்டும். கவச வண்டி திரும்பிப் போய்விட்டது. சத்தம் அடங்கிய பிறகுதான் போனேன். பாலம் எங்கள் கையில். நின்றவர்களில் ஒருவனும் மிஞ்சவில்லை. அனேதோவின் காயமெல்லாம் நெஞ்சுப் பக்கம்தான், முதுகில் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 24

இரண்டாவது பதக்கம் என்றார் பிரிகேட் தளபதி. உள்ளதைச் சொன்னேன். "சார், நான் பின்வாங்கச் சொல்லிட்டேன். பாலத்தக் காப்பாத்துனது அந்தப் பசங்க."

அவர் தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "செத்தவனக் காட்டி ஜனங்களுக்கு நம்பிக்கை குடுக்க முடியுமாய்யா? உயிரோட ஒருத்தன் வேணும். வாய மூடிக்கிட்டுக் குத்திக்க."

மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27

ரேடியோவில் என் பெயர். 'ஓரடியும் பின்வைக்காத ஒபியோரா.' எகேசி எழுந்து வெளியே போய்விட்டான்.

செப்டம்பர் 2

ஊருக்கு வந்தேன். "சிறுத்தையைக் கொன்றவனே" என்று, வீரனை வாழ்த்துகிற வழக்கப்படி, வழியெல்லாம் கூவினார்கள். குழந்தைகள் பட்டினியில் வயிறு வீங்கிக் கிடக்கிற ஊரில் எனக்காக எங்கிருந்தோ ஒரு கோழி பிடித்து அடித்திருந்தார்கள்.

மாமியார் மகனுக்கான துக்கத்தில் தலையை மழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

"நீங்க ஒரு அடிகூடப் பின்னாடி வைக்கலன்னு ரேடியோவுல சொன்னாங்க."

தலையாட்டினேன்.

"அவன் உங்க பக்கத்துலதான நின்னான்?"

"ஆமா, அத்தே."

"மருந்தும் போட்டிருந்தானாமே."

"ஆமா."

அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல மெல்லக் கேட்டார். "அப்ப மருந்து போயிருச்சுன்னா, என் புள்ளதான் பயந்து திரும்பிட்டானா, மாப்பிள்ளே?"

ஒயிரிதியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெளியே என் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.