மூன்றாம் ஓலை

12 ஜனவரி 1969, ஞாயிறு

இன்று எங்கள் கல்யாண ஓலையை மாதா கோயிலில் இரண்டாம் முறையாக வாசித்தார்கள். வால்டர், இருதயம்மாள். சாமியார் வாயில் என் பேர் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு மூன்றாவது; விக்கினம், தடை என்று யாரும் வந்து சொல்லாவிட்டால் கல்யாணம்தான். முழுக்கை ரவிக்கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாலி ஏறும்வரை கையை மறைக்கச் சொல்லி அம்மாவின் உத்தரவு.

16 ஜனவரி

வால்டரின் அம்மா ஞானபாக்கியம் வளையல் அளவு எடுக்க வந்தாள். கையைப் பிடித்ததும் ரவிக்கை மேலே ஏறிவிட்டது. "இன்னா இது, வெள்ளை வெள்ளையா கீது?" என்றாள். வெண்படைதான், ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை அம்மா சொல்லிப் பார்த்தாள். போகும்போது ஞானபாக்கியம் குழாயடியில் கை கழுவ சோப்பு கேட்டாள்.

19 ஜனவரி, ஞாயிறு

வாசிக்கவில்லை.

2 பிப்ரவரி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வால்டருக்குப் பெண்ணா கிடைக்காது என்கிறார்கள் அவர்கள் வீட்டில். எனக்குக் குஷ்டமாம். தேங்காய் நாரால் முழங்கை வரை தேய்த்தேன். ரத்தம் வந்தது, வெள்ளை போகவில்லை. இந்த ஒடம்ப நான் கேட்டனா? ஆண்டவரே, உமக்கு வேற வேலையே இல்லையா?

20 பிப்ரவரி

கன்னியர் மடத்துத் தையலறையில் கோயில் பீடத்துணிக்குப் பூ போட்டுக்கொண்டிருந்தேன். சிஸ்டர் ஃப்ளோரா கைக் காயத்தைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை, ஒரு கதை சொன்னார். அறுநூறு வருஷத்துக்கு முன் சீமையில் ஒரு பெண், சாகும்வரை ஜெபத்திலேயே இருக்க, கோயிலை ஒட்டிய சின்ன அறையில் தன்னை வைத்து வாசலை அடைக்கச் சொன்னாளாம். அடைப்பதற்கு முன் செத்தவர்களுக்குச் சொல்லும் ஜெபத்தை அவளுக்குச் சொன்னார்களாம்.

எனக்கும் அதைத்தானே செய்தார்கள் என்றேன். சிஸ்டர் சிரிக்கவில்லை. உள்ளே போனபின் ஆண்டவர் தன்னைப் பார்ப்பதை அவள் கண்டாளாம். ஒருதரம்கூட அவர் முகம் சுளிக்கவில்லையாம். "அவரே சுளிக்கலைன்னா, சுளிக்க நீ யாரும்மா?"

நான் சுளிப்பேன். என் கைதானே.

13 ஏப்ரல், ஞாயிறு

வால்டருக்கும் ரோசி என்கிற பெண்ணுக்கும் முதல் ஓலை. தூணுக்குப் பின்னால் நின்றேன். செத்தால் தேவலை.

21 ஏப்ரல்

கை கழுவும்போது வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேய்க்கவில்லை, சும்மா பிடித்திருந்தேன். இதை யாருமே இப்படிப் பிடித்ததில்லை என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. பாவம். இது இன்னா தப்பு பண்ணிச்சு?

27 ஏப்ரல், ஞாயிறு

இன்று அவர்களுடைய மூன்றாம் ஓலை. "எல்லாரும் உன்னியே பாப்பாங்க, வூட்லயே கெட" என்றாள் அம்மா. கல்யாண ரவிக்கையின் கைகளை முழங்கைக்கு மேலே கத்தரித்துவிட்டு, அதையே போட்டுக்கொண்டு போனேன். விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசித்தபோது கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது. கையை மூடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, வாசிக்காமல் விட்ட என் மூன்றாம் ஓலையை நானே சத்தமாகச் சொன்னேன். காலஞ்சென்ற லூர்துசாமியின் மகள் இருதயம்மாள். மாப்பிள்ளை பேர் வர வேண்டிய இடத்திலும் என் பேரையே சொன்னேன். விக்கினம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினேன்.

வெளியே அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அவள் விக்கினம் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.