முப்பத்தோராம் நாள் வெளிவந்த ஆல்பம்

மச்சான்,

இன்று ஜிந்துப்பிட்டியில் என் அக்காவின் சேலை அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசம் மூக்கில் ஏறியதும் உன்மேல் இருந்த பழைய எரிச்சல் அப்படியே வந்துவிட்டது. செத்தவன் மேல் எரிச்சல் படலாமா என்று கேட்காதே. படலாம்.

வெள்ளவத்தையில் உன் அம்மாவின் சேலை அலுமாரிதானே நமக்கு ஸ்டூடியோ. சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று கண்டுபிடித்தவன் நீ. மைக்கை உள்ளே தொங்கவிட்டு, தலையையும் உள்ளே நுழைத்துக்கொண்டு ராப் பாடுவோம். கடற்கரைப் பக்கம் ரயில் வந்தால் நிறுத்த வேண்டும். அது போன பிறகு எனக்கு மூச்சும் தாளமும் தப்பிவிடும். நீயோ விட்ட சொல்லிலிருந்து பிடித்து, ஒரே மூச்சில் முடித்துவிட்டு, வியர்த்த முகத்தோடு வெளியே வந்து "எப்பிடி மச்சான்?" என்பாய். "பரவாயில்ல" என்பேன். உள்ளுக்குள் வயிறு பற்றி எரியும்.

நாம் இருவரும் சேர்ந்து ஒரு சின்ன இசை லேபிள் தொடங்கியிருந்தோம். முதலில் உன் ஆல்பம், அடுத்தது என்னுடையது என்று பேச்சு. உன்னுடையது முடிந்தது. வெளியிடும் நாளைக் குறிப்பதற்குள் டெங்கு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு உங்கள் ஆட்கள் கல்வெட்டு என்று ஒன்று அச்சடிப்பார்கள். போனவரைப் பற்றி யாரோ எழுதிய புலம்பல் பாட்டுகளோடு ஒரு சிறு புத்தகம். எங்கள் பக்கம் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் அன்ரி, உன் அம்மா, என்னைத்தான் எழுதச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ, "கல்வெட்டு வேண்டாம் தம்பி. அவன்ர பாட்டையே குடுப்பம். தன்னைப் பற்றி அவனே சொல்லட்டும்" என்றுவிட்டார்.

அப்படித்தான் உன் ஆல்பம் வெளிவந்தது. உன் படம் போட்ட அட்டையில் ஒரு கியூஆர் கோட். சாப்பிட்டுக் கை கழுவிய பெரியவர்கள் மண்டபத்தில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ராப் கேட்டார்கள். உன் மாமா ஒருவர், "பெடியன் இடைக்கிடை கெட்ட வார்த்தையும் சொல்லுறான். ஆனா வடிவாச் சொல்லுறான்" என்று மூக்கைச் சிந்தினார். நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, பொறாமையும் வந்தது. உண்மையைச் சொன்னால் பொறாமைதான் அதிகம். எந்த ராப் பாடகனுக்கு இப்படி ஒரு வெளியீடு கிடைக்கும்? சில நாட்களில் கொட்டாஞ்சேனை த்ரீவீல்களிலும் உன் குரல் ஓடியது.

போன மாதம் என் ஆல்பம் வந்தது. கேட்டவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள், அடுத்த மூச்சிலேயே உன்னைப் பற்றி விசாரித்தார்கள். அன்ரி மட்டும் முழுவதையும் கேட்டுவிட்டு எனக்கு ஃபோன் எடுத்தார். "அவன் இருந்திருந்தா, உன்ர மூண்டாவது பாட்டைக் கேட்டுப் பொறாமைப்பட்டிருப்பான் தம்பி."

ஆறுதலுக்குச் சொன்னார் என்று தெரியும். இருந்தும் ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். இப்போது அடுத்த ஆல்பத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் உன்னைப் பொறாமைப்பட வைக்கத்தான் எழுதுகிறேன். வேறு யாருக்காகவும் எழுத எனக்குத் தெரியாது.