ஆண்டெனாக் கம்பம் இருக்கட்டும்

மஸ்கட், 16.7.1996

அன்புள்ள கோமுவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

டிவி பற்றி எழுதியிருந்தாய். வாரண்டி முடிந்தே நாலு வருஷமாயிற்று. "பிக்சர் டியூப் போயிட்டு மதினி, புதுசே வாங்கிருங்க" என்று மெக்கானிக் நடராஜ் சொன்னது நியாயம்தான். கலர் டிவியாக வாங்கி, கேபிளும் இழுத்துவிடு.

போன வெள்ளிக்கிழமை எங்கள் அறை டிவியிலும் படம் ஆடியது. ஆண்டெனாவைத் திருப்ப மாடியேறி, பழக்கதோஷத்தில் "தெரியுதா?" என்று தமிழில் கத்திவிட்டேன். கீழே டிவி முன்னால் இருந்த என் அறைப் பஞ்சாபிக்காரர்கள் என்னவோ சொன்னார்கள். எட்டிப் பார்த்ததில் கைப்பிடிச் சுவர் உரசி முட்டியில் சின்னச் சிராய்ப்பு, ஆறிவிட்டது.

சேரன்மகாதேவியில் நான் கம்பத்தைக் கொடைக்கானல் டிவி டவர் பக்கம் திருப்பும்போது, ஜன்னல் வழியாக நீ குரல் கொடுப்பாய். "இன்னும் கொஞ்சம், பைய, ஆங், அங்கனயே நிறுத்துங்க." அதற்குப் பிறகும் நான் வேண்டுமென்றே கொஞ்சம் திருப்பிவிடுவேன். பாதிப் பாட்டு போச்சு என்று திட்டுவாய். இத்தனை வருஷம் இதைச் சொன்னதில்லை.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் குமரகுருபரன் இங்கே திரும்பி வரும்போது கூழ்வற்றல் கொடுத்தனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பழைய டிவியை நடராஜ் எடுத்துக்கொள்ளட்டும். கம்பத்தை மட்டும் கழற்றவிடாதே. லீவில் வந்ததும் ஒரு தடவை ஏறுகிறேன். நீ ஜன்னலருகே நின்றால் போதும்.

ஆவுடைநாயகம்